முடிச்சு இருக்கும் பக்கம்

அத்தியாயம் ஒன்பது

“இதைத் தைச்சது இடது கைக்காரி” என்றாள் பொற்கொடி.

சின்ராசு முறுக்கைக் கடிப்பதைப் பாதியில் நிறுத்தினான். அந்த வாய் சும்மா நிற்பது போடிநாயக்கனூரில் ரொம்ப அபூர்வம். அவனுக்கு இரண்டு தொழில், ஜீப்பை ஓட்டுவது, வாயை ஓட்டுவது. லைசென்ஸ் முதலாவதற்கு மட்டும்தான் இருந்தது.

“எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டாள் சூர்யகலா.

சூர்யகலா மகளிர் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தவள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஏலக்காய்க் குடோன் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். எதையும் இரண்டு தடவை கேட்பாள், ஒரு தடவைதான் பேசுவாள். மீதிப் பேச்சை அவளுக்கும் சேர்த்து அவளுடைய ஒரே உதவியாளன் சின்ராசு பேசித் தீர்த்துவிடுவான்.

அவர்கள் நின்றிருந்தது ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். கல்யாணம் இல்லாத சனிக்கிழமைகளில் போடி ஒட்டுப்போர்வைச் சங்கத்துப் பெண்கள் இங்கேதான் கூடுவார்கள். பந்தி மேசையில் இலைக்குப் பதில் துணி. நாலு தையல் மிஷின், இருபது பெண்கள், நாற்பது பேருக்கான சத்தம். சுவரில் ஒரு பக்கம் அவர்கள் தைத்த புதுப் போர்வைகள், நட்சத்திரமும் கட்டமுமாக அளவெடுத்து வெட்டியவை. மறுபக்கம் சங்கத்துப் பொற்கொடி தேடிச் சேர்த்த பழைய மலைப் போர்வைகள். ஏலத்தோட்டத்துப் பெண்கள் நைந்த சேலைகளை ஆறேழு அடுக்காக வைத்துக் கையாலேயே தைத்துக் குளிருக்குப் போர்த்திக்கொள்வது. ஒன்றில்கூட நேர்கோடு கிடையாது. ஆனாலும் பார்ப்பவர் கண் அந்தச் சுவரைத்தான் முதலில் தேடிப் போகும்.

அந்தச் சுவரிலிருந்து கழற்றிய ஒரு போர்வைதான் இப்போது மேசையில் கிடந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி ஒருவரிடம் பொற்கொடி அதை வாங்கியிருந்தாள். எந்தத் தோட்டத்தில் கிடைத்தது என்று அவருக்கு ஞாபகமில்லை.

போன வாரம் சங்கத்தின் கண்காட்சிக்கு டீ ஊற்ற வந்த பாண்டியம்மாள் இந்தப் போர்வையைப் பார்த்ததும் கெட்டிலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடுவில் ஒரு ஊதாச் சேலைத் துண்டு. அதில் இஸ்திரிப் பெட்டி பட்டுக் கருகிய ஓட்டை. ஊதா நூல் இல்லாததால் சிவப்பு நூலில் அதை அடைத்தது பாண்டியம்மாளேதான். சேலை அவள் மகள் பானுப்பிரியாவுடையது.

பானுப்பிரியா ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஊரடங்கு போடுவதற்கு முந்தின வாரம், இருபத்து மூன்று வயதில் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறியவள். போனவள் போனவள்தான். ஏற்றிப் போன மேஸ்திரியும் அந்த வருஷமே இறந்துவிட்டதால் எந்தத் தோட்டம் என்று சொல்ல ஆளில்லை. போலீஸ் தேடியது, தாய் நொண்டி நொண்டிப் போய்த் தேடினாள். எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் பானுப்பிரியா என்ற பெயர் இல்லை. “என் கால் ஒடிஞ்சு கெடந்தேன் தாயி. எனக்குப் பதிலா அவ போனா. நான் போயிருக்கணும்” என்று சூர்யகலாவின் ஆபீசில் அவள் அழுதபோது, சின்ராசு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். மகள் இடது கைப் பழக்கக்காரி என்பதும் அன்றைக்குச் சொன்னதுதான்.

“இங்க பாருங்க மேடம்” என்றாள் பொற்கொடி. “மலையில மூலையில ஆரம்பிச்சு, ஓரத்தோட ஓரமா சுத்திச் சுத்தித் தைச்சுக்கிட்டே நடுவுக்கு வருவாங்க. விளிம்பை மடியோட வச்சுக்குவாங்க. வலது கைக்காரி ஊசிய வலது பக்கத்துலருந்து இடது பக்கமா ஓட்டுவா. அப்ப மொத்தப் போர்வையும் கடிகாரம் சுத்துற மாதிரி சுத்தும். இது எப்படிச் சுத்துதுன்னு பாருங்க.”

“எங்க ஆரம்பிச்சது, எங்க முடிச்சதுன்னு எப்படித் தெரியும்?”

“ஒவ்வொரு நூலும் முடிச்சுல ஆரம்பிக்கும், இரட்டைத் தையல்ல முடியும். முடிச்சைப் பிடிச்சுக்கிட்டே போங்க.”

சூர்யகலா விரலை வைத்து முடிச்சு முடிச்சாக நகர்த்தினாள். விரல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போர்வையைச் சுற்றி வந்தது. ஒரு தடவை போதாதென்று இன்னொரு தடவையும் சுற்றினாள்.

“முடிச்செல்லாம் மேலயே துருத்திக்கிட்டு நிக்குதே” என்றான் சின்ராசு. “எங்க வீட்டுல இப்படித் தைச்சா எங்க ஆத்தா ஊசியாலயே ஒரு போடு போடும்.”

“மலைத் தையல் கொஞ்சம் முரடு தம்பி. துணிய ஒட்டுன பக்கம்தானே மேல் பக்கம். அவங்க முடிச்சை ஒளிக்கிறதெல்லாம் பார்க்க மாட்டாங்க” என்றாள் பொற்கொடி. இருபது வருஷமாகப் போர்வை பார்ப்பவள் சொல்கிறாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சூர்யகலா இதற்குள் ஒரு ஓரக்கிழிசலில் விரலை விட்டுவிட்டாள். உள்ளே அடுக்கு அடுக்காகச் சேலை, வேட்டி, அதற்கும் கீழே மஞ்சள் துணி. மெதுவாக இழுத்ததும் அச்சடித்த எழுத்து வெளியே வந்தது. ‘அருள்மொழி – அழகுராஜா, திருமண விழா, ராசிங்காபுரம், ஆவணி 2024.’

“தாம்பூலப் பை!” சின்ராசு கைதட்டினான். “தேங்காயைச் சட்னி அரைச்சுட்டுப் பைய போர்வைக்குள்ள வச்சிருக்காங்க அக்கா. கல்யாணத்துல இதைவிடச் சுத்தமா யாரும் மொய்யைத் திரும்ப வசூல் பண்ண முடியாது.”

சூர்யகலா சிரிக்கவில்லை. “அஞ்சு வருஷம் முன்னாடி காணாமப் போனவ சேலை. போன வருஷம் ஆவணிக்கு அப்புறம் தைச்சிருக்கு. தைச்சது இடது கை” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அடுத்த வரியை அவள் சொல்லவில்லை. சின்ராசு மனசுக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டான்.

*

ராசிங்காபுரத்தில் தாம்பூலப் பை வீட்டைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கல்யாணப் பெண் அருள்மொழி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். பையின் படத்தை சூர்யகலா போனில் காட்டியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இது எங்க மொக்கம்மா அத்தை வேலை. பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டத்துல இருக்கு. பந்தியில விட்டுட்டுப் போன பையெல்லாம் பொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. எதுக்கு அத்தைன்னு கேட்டா, போர்வைக்குள்ள வச்சா காத்து ஏறாதுன்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி எனக்கு மானமே போச்சு.”

“உங்க அத்தைக்கு எந்தக் கைப் பழக்கம்?”

“வலது கைதான். அந்தக் கையால எனக்கு விழுந்த அடிய எண்ண முடியாது.”

தெருவுக்கு வந்ததும் சின்ராசுவால் அடக்க முடியவில்லை. “பை அத்தையோடது. அத்தை வலது கை. அப்ப அத்தை பக்கத்துல ஒரு இடது கை இருக்கு. அக்கா, அந்தப் புள்ளை அங்கதான் இருக்கு!”

“இருக்கலாம்” என்றாள் சூர்யகலா.

“நீங்க ‘இருக்கலாம்’னு சொன்னா மத்தவங்க சத்தியம் பண்ற மாதிரி.”

“வண்டிய எடு.”

மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்டில், சூர்யகலா இறங்கி வனத்துறை நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நிமிஷம் போதுமானதாக இருந்தது. சின்ராசு போனை எடுத்தான். பாண்டியம்மாள் நேற்று அவனைத் தெருவில் நிறுத்தி, “ஏதாச்சும் தெரிஞ்சுச்சா அப்பு?” என்று கேட்டிருந்தாள். அந்த முகத்தை அவனால் ராத்திரி முழுக்க மறக்க முடியவில்லை. நல்ல சேதியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மலையேறுவது அவனுக்குப் பாவமாகப் பட்டது.

“ஆத்தா, உம்மவ உசுரோட இருக்கு. போர்வைய அதுதான் தைச்சிருக்கு, இடது கையாலயே. இப்பப் போய்க்கிட்டே இருக்கோம்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தான். பிறகு பாண்டியம்மாளின் குரல் ரொம்ப மெதுவாக வந்தது. “மெலிஞ்சு போயிருப்பாளோ? கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன். அவளுக்குன்னா உசுரு. போடிமெட்டுக்கு ஜீப்பு இருக்கும்ல, நான் வெரசா வந்துர்றேன்.”

“வேணாம் ஆத்தா...” என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

வண்டியில் ஏறிய சூர்யகலா அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். “சொல்லிட்டியா?”

“அஞ்சு வருசமா அழுதுக்கிட்டு இருக்கு அக்கா.”

“அந்தப் பொண்ணை நீ பார்த்தியா?”

“கையைப் பார்த்துட்டோம்ல.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதைத் தாண்டிய பிறகும் சொல்லவில்லை. எதிரே தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு வரும் காலி ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கின. சின்ராசு அந்த மௌனத்துக்குப் பயந்து, வழியில் தெரிந்த குரங்குகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டே ஓட்டினான்.

*

போடிமெட்டு தாண்டி ஒரு மணி நேரம். மதியம் ஒரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. ஏலச்செடிகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. ஐந்தாவது வாசலில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அறுபதுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். ஊசி வலது கையில் இருந்தது.

சின்ராசு மற்ற வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒரு வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவினாள், இன்னொன்றில் ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டினாள். எல்லாக் கையும் வலது கையாகவே இருந்தது. வேலைக்குப் போயிருக்கும், சாயங்காலம் வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

“மொக்கம்மா நீங்கதானே? ராசிங்காபுரத்து அருள்மொழி சொல்லித்தான் வந்தோம்” என்றாள் சூர்யகலா. சின்ராசு போர்வையைக் கொண்டுவந்து பாயின் மேல் விரித்தான், ஊதாச் சேலைத் துண்டு மேலே தெரியும்படி.

மொக்கம்மாள் எழுந்தேவிட்டாள். “அய்யோ, யாரு இதை இப்படிப் போட்டது?”

பாய்ந்து வந்து போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்து ஒரே வீச்சில் புரட்டிப் போட்டாள். ஊதாத் துண்டு அடியில் போய்விட்டது. மேலே வெறும் பழுப்பு வேட்டித் துணி. முடிச்சு ஒன்றுகூடத் தெரியவில்லை, அத்தனை சுத்தமான தையல்.

“என் மருமக ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு இதைத் தூக்கிக் குடுத்துட்டா மோளே. எத்தனை நாள் அவகூடச் சண்டை போட்டேன் தெரியுமா” என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே துணியைத் தடவிக் கொடுத்தாள்.

சூர்யகலா மண்டியிட்டாள். மூலையில் விரலை வைத்துத் தையலோடு நகர்த்தினாள். இந்தப் பக்கத்தில் விரல் கடிகாரம் சுற்றும் திசையிலேயே சுற்றியது. சின்ராசு குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பக்கம் பார்த்தால் திசை மாறித் தெரியும் என்பது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்குகிற விஷயம். அழகான பக்கம்தான் மேல் பக்கம் என்று நினைத்ததில் யாருக்கும் அது தோன்றவில்லை.

“இது நீங்க தைச்சதா?” என்று கேட்டாள் சூர்யகலா.

“பின்னே? நான்தான்.”

“நல்ல துணிய ஏன் அடியில வச்சுத் தைச்சீங்க?”

மொக்கம்மாள் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள். “செத்தவங்க சேலைய மேல போடக் கூடாது மோளே. உள்பக்கம் வச்சுத் தைக்கணும். போத்துறவங்க ஒடம்புல அது படணும். வெளிய கெடந்தா அதுக்குக் குளிரும்ல.”

சின்ராசு நிமிர்ந்து மற்ற வாசல்களை இன்னொரு தடவை பார்த்தான்.

“யார் சேலை?” என்றாள் சூர்யகலா.

“பாண்டியம்மா சேலை.”

“பாண்டியம்மாவா?” சின்ராசுவின் குரல் உயர்ந்தது. ஒரு கணம் உயிர் திரும்பி வந்தது. “பாண்டியம்மா போடியில குத்துக்கல்லாட்டம் இருக்காங்களே. கருவாட்டுக் கொழம்பு வச்சுக்கிட்டு இருக்காங்க! அப்ப இது வேற யாரோ...”

“இரு” என்றாள் சூர்யகலா. கண்ணை மூடித் திறந்தாள். “அந்தப் பாண்டியம்மாவுக்கு என்ன வயசு?”

“சின்னப் புள்ளை. இருபத்து மூணோ என்னமோ. இடது கையால சாப்பிடும். நாங்கல்லாம் திட்டுவோம், சிரிச்சுக்கிட்டே கையை மாத்தும், நாலு வாய்க்கப்புறம் திரும்பவும் இடது கை. வேலைச் சீட்டுல பாண்டியம்மான்னு இருந்துச்சு. இங்க சீட்டுல என்ன பேரோ அதான் பேரு. அம்மாவுக்குப் பதிலா மக வரும், அக்காவுக்குப் பதிலா தங்கச்சி வரும். சொந்தப் பேரைச் சொல்லி மேஸ்திரி காதுல விழுந்தா சோலி போயிரும்ல.”

“எப்படி...”

“காய்ச்சல். ஊரடங்கு நேரம், ரோடு அடைச்சுட்டாங்க. ஆசுபத்திரிக்கு எப்படிப் போறது? ஒம்பது நாள் கெடந்துச்சு. கடைசியில கங்காணி சீட்டுல இருந்த நம்பருக்குப் போன் போட்டாரு, வீட்டுக்குச் சேதி சொல்ல.” மொக்கம்மாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “அந்தப் புள்ளை தலைமாட்டுலயே மணி அடிச்சுச்சு. அம்மாவோட போனைத்தான் கொண்டு வந்திருக்கு. வீட்டுக்கே அது ஒண்ணுதானாம்.”

பக்கத்து வாசலில் குழந்தை சோறு வேண்டாமென்று அழுதது.

“ரோடு தொறந்ததும் போடிக்கு ஆள் விட்டு விசாரிச்சோம். பாண்டியம்மாவா, நல்லாத்தானே இருக்கான்னு சேதி வந்துச்சு. சரி, இது வேற ஊர்ப் புள்ளைன்னு நெனச்சோம். நாலு வருசம் அந்தச் சேலைய என் பெட்டியில வச்சிருந்தேன், யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு. உரிமைப்பட்டவங்க வராம அதுல ஊசி குத்தக் கூடாது. யாரும் வரல. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து, இனிமே எங்க வரப் போறாங்கன்னு தைச்சுட்டேன்.”

“எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டான் சின்ராசு.

“ஓடைக்கரையில பொதைச்சோம். மறு வருசத்து மழையில அந்தக் கரையே போயிருச்சு அப்பு. காட்டுறதுக்கு ஒண்ணுமில்ல.”

அவள் போர்வையை மடித்தாள், ஊதாத் துண்டு உள்ளே போகும்படி. சின்ராசுவின் கையில் அதை வைத்தாள். “அவ அம்மாவுக்குக் குடு.”

*

திரும்பும்போது சூர்யகலாதான் பேசினாள்.

“‘எனக்குப் பதிலா அவ போனா’ன்னு என் எதிர்ல உட்கார்ந்து சொன்னாங்க. யார் பேருல போனான்னு நான் கேட்கல. ஊரே அப்படித்தானே போகுது, அவங்களுக்கு அதைத் தனியா சொல்லணும்னே தோணியிருக்காது. கேட்க வேண்டியவ நான்.”

“கேட்டிருந்தா மட்டும்?” என்றான் சின்ராசு. “அந்தப் புள்ளை வந்துருமா?”

“வராது. ஆனா நீ போன் பண்ணியிருக்க மாட்ட.”

அது அவன் நெஞ்சில் போய் இறங்கியது. ஐந்து வருஷமாக மகளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்த ஒருத்திக்கு, இன்றைக்குக் காலையில் அவன் மகளைக் கொடுத்தான். சாயங்காலம் அவனே போய்த் திருப்பி வாங்க வேண்டும். இதைவிடப் பெரிய பாவம் எதுவும் தான் செய்ததில்லை என்று நினைத்தான்.

“நான் சொல்றேன்” என்றாள் சூர்யகலா.

“வேணாம் அக்கா. நான்தான் சொன்னேன். நானே சொல்றேன்.”

போடிமெட்டு செக்போஸ்ட் மூடுபனியில் பாதி மறைந்திருந்தது. டீக்கடைத் தாழ்வாரத்தில் தூக்குவாளியோடு ஒரு உருவம் நின்றது. உட்கார பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. ஜீப்பைப் பார்த்ததும் ஒடிந்து கூடிய காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். தலை வாரி, பூ வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த சேலை கட்டியிருந்தாள் பாண்டியம்மாள். குளிருக்கு ஒரு துண்டுகூட எடுத்து வரவில்லை. உதடு வெடவெடத்தது.

முன் சீட்டைப் பார்த்தாள். பின் சீட்டைப் பார்த்தாள். குனிந்து அதற்கும் பின்னால் பார்த்தாள்.

“பின்னால வர்ற ஜீப்புல வர்றாளா?”

சின்ராசு இறங்கினான். அவள் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. போர்வையை உதறி, ஊதாத் துண்டு உள்பக்கம் வருகிற மாதிரி அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினான். சிவப்பு நூல் அடைப்பு அவள் முதுகில் படிந்தது.

“ஏன் அப்பு திருப்பிப் போட்டுட்ட?” பாண்டியம்மாள் சிரித்துக்கொண்டே போர்வையைக் கழற்றப் பார்த்தாள். “அவ சேலை வெளிய தெரியட்டும். தூரத்துலருந்தே அம்மான்னு அடையாளம் கண்டுக்குவால்ல.”

சின்ராசு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். சூர்யகலா வந்து தூக்குவாளியை வாங்கிக்கொண்டாள். அது இன்னும் சூடாக இருந்தது.

“கழட்டாத ஆத்தா” என்றான். “இதை உள்பக்கமாத்தான் போத்தணும்.”

“ஏன்?”

ஏனென்று அவன் சொன்னான்.